தலைக்கு முன்னால் இரண்டு முழம்

அடியே சுண்டைக்காய்,

காலையில் இருந்து வீடு முழுக்கச் சீம்பால் வாசனை. சின்னச் செவலை கன்று போட்டு இன்றைக்கு இரண்டாம் நாள். வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் நசுக்கிப் போட்டு, பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனேன். படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்தாள். முதலில் முன்னங்கால் முட்டியை மடித்து ஊன்றினாள். தலையை முன்னால் நீட்டி ஒரு வீசு வீசினாள். உடம்பு எடை எல்லாம் முட்டிக்குப் போனதும் பின்பக்கம் தானாக மேலே ஏறியது. ஒரு நொடி சாமி கும்பிடுகிற மாதிரி நின்றாள். அப்புறம் ஒரு முன்னங்கால், அடுத்த முன்னங்கால். அவ்வளவுதான், எழுந்தாயிற்று. நான் கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பால் அடிப்பிடித்துவிட்டது.

நீ இருந்திருந்தால், "பால் தீயறது கூடத் தெரியாம மாட்டுப் பின்னாடி என்னாடி பார்வை?" என்று கேட்டிருப்பாய். அந்தப் பார்வையைக் கற்றுக் கொடுத்தவளே நீதான் என்று நானும் பதிலுக்குச் சொல்லியிருப்பேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

மாரண்டஹள்ளிப் பள்ளிக்கூடத்தில் நம் இருவரையும் சேர்த்துப் பார்த்தால் சிரிக்காதவர்கள் கிடையாது. நான் ஏழாம் வகுப்பிலேயே டீச்சர் உயரம். நீ பத்தாம் வகுப்பு முடிக்கும்போதும் முதல் பெஞ்சில் கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தாய். நீ எனக்கு அம்மி என்று பெயர் வைத்தாய், நான் உனக்குச் சுண்டைக்காய் என்று வைத்தேன். ஒன்பதாவதில் உயரம் தாண்டுகிற போட்டியில் நான் கம்பியை நெஞ்சால் இடித்துக்கொண்டு போய் மணலில் விழுந்ததும், மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்ததும் உனக்கு நினைவிருக்கும். "எல்லாம் சோம்பேறித்தனம், தின்னுட்டுத் தூங்கினா இப்படித்தான்" என்றார் பி.டி. சார். அதை நான் அப்படியே நம்பிவிட்டேன். அதற்கப்புறம் பஸ்ஸில் ஏறினால் கூட, யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பேன்.

பன்னிரண்டாவது முடித்த கையோடு எனக்குக் கல்யாணம், நல்லம்பள்ளிப் பக்கம். நீ மாட்டு டாக்டருக்குப் படிக்க நாமக்கல் போனாய். லீவில் ஒருமுறை என்னைப் பார்க்க வந்தவள், என் அத்தை புதிதாக வாங்கி வைத்திருந்த தீப்பெட்டிப் பொட்டலத்தைப் பிரித்துச் சமையல்கட்டுத் தரையில் கொட்டினாய். மாமியார் வீட்டில் தீப்பெட்டியை விளையாடக் கொட்டுகிறாளே என்று நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"இந்தா, இந்த ஒரு பெட்டிய ஆட்டுக்குட்டின்னு வெச்சுக்க. இத எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு பெருசாக்கணும். நீளம், அகலம், உயரம் மூணும். எத்தினி பெட்டி வேணும்?"

"நாலு" என்றேன்.

"அடுக்கிப் பாரு."

அடுக்கினேன். எட்டு வந்தது.

"எடை எட்டு மடங்கு ஆயிடுச்சா? இப்ப மேலேர்ந்து பாரு. எத்தினி பெட்டி தெரியுது?"

"நாலு."

"அதான் தடிமன். சதையோட பலம் தடிமன்லதாண்டி இருக்குது. எட்டு மடங்கு எடைய நாலு மடங்கு சதை தூக்கணும். பெருசாக ஆக அது பின்தங்கிக்கிட்டே போவுது. எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியத் தூக்கறது அதுக்குப் பலம் ஜாஸ்தின்னு இல்ல, அது சின்னதுன்னு. யானை குதிக்காம நடக்கறது சோம்பேறித்தனமா?"

நான் எட்டுத் தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப நான் கம்பிய இடிச்சது?" என்று கேட்டேன்.

"நீ கம்பிய இடிச்ச. குண்டு எறியறதுல உன்னை எவளாவது ஜெயிச்சாளா? அந்த உடம்புக்கு அந்த வேலை. பி.டி. சாருக்கு இந்தக் கணக்கு தெரியல, அவ்ளோதான்."

அன்றைக்கு ராத்திரிச் சோற்றை நான் வயிறாரச் சாப்பிட்டேன். கல்யாணமாகி அந்த வீட்டில் நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் உன்னோடு எங்கே போனாலும் நிம்மதியாகப் போக முடியாது. பூனை சுவரில் ஏறினால் நின்றுவிடுவாய். "அதோட முட்டி எப்பவும் மடிஞ்சே இருக்குது பாரு, ஸ்பிரிங் மாதிரி. மாட்டுக் கால் அப்படி மடிஞ்சு நின்னா அரை மணி நேரத்துல சதை ஓஞ்சு போயிரும். அதான் அது காலை நேரா தூண் போட்டு எடைய எலும்பு மேல வெச்சிருக்குது." ஒருமுறை என் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், காட்டோரம் தூரத்தில் யானைக் கூட்டம் ஒன்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸே பயந்துபோய்ச் சத்தமில்லாமல் இருக்க, நீ மட்டும் ஜன்னலில் தலையை விட்டு, "கால பாருடி, கால பாரு! ஓடும்போது கூட நாலு காலும் ஒண்ணா தரைய வுட்டு எழும்பாது!" என்று கத்தினாய். கண்டக்டர் உன்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்து, "பாப்பா, தலைய உள்ள எடு" என்றார். டாக்டர் பட்டம் வாங்கி ஒரு மாசம் ஆன பாப்பா.

அந்தப் பாப்பாதான் சில வருஷம் வேறு வேறு ஊர்களில் வேலை பார்த்துவிட்டு எங்கள் பக்கத்துக்கே டாக்டராக வந்தாள். எனக்கு நிலை கொள்ளவில்லை. ஆனால் ஊரில் நடந்த பேச்சைச் சொல்ல வேண்டுமே. பால் சொசைட்டி வாசலில் நீ பையோடு வந்து நின்றபோது, "டாக்டர் எப்ப வருவாருங்க?" என்று உன்னிடமே கேட்டார்கள். "நான்தாங்க" என்றாய். சினை பார்க்க மாட்டுக்குள் தோள்வரைக்கும் கையை விட வேண்டுமே, அதைச் சொல்லித்தான் அதிகம் சிரித்தார்கள். "இந்தம்மா கைய வுட்டா ஆளே உள்ள போயிருவாங்க, அப்புறம் மாடு இன்னொரு தடவை ஈணணும்" என்றார் என் கொழுந்தனார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆள் இருக்கும்போது உன்னை, "வாங்க டாக்டரம்மா" என்று கூப்பிட்டவளும் நான்தான், நீ போனதும் அந்தப் பேச்சுக்குச் சிரித்தவளும் நான்தான்.

இனி நம் பழைய செவலை மாட்டின் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்தில் இருந்து நீ அதைக் கேட்டதில்லை.

அந்த வருஷம் நான் புதுக் கொட்டகை கட்டியிருந்தேன். வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனியில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவார். கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கல்லும் நான் வைக்கச் சொன்னது. கழுவிவிட வசதியாகத் தரை முழுக்கச் சிமெண்டு, கண்ணாடி மாதிரி வழவழவென்று. மாட்டு மூஞ்சிக்கு நேராகத் தீனித் தொட்டி, அதன் பின்னாலேயே சுவர். தொட்டியில் இரும்பு வளையம். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. நீ மட்டும் தொட்டியையும் சுவரையும் பார்த்துவிட்டு, "நெருக்கமா இருக்குதே" என்றாய். உனக்குப் பொறாமை என்று நினைத்தேன். கொட்டகைக்குப் பொறாமைப்படுகிற டாக்டர் எங்காவது உண்டா, நீயே சொல்.

செவலை விடிகாலையில் கன்று போட்டாள். கிடேரிக் கன்று, நல்ல கன்று. நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. எங்கள் பக்கம் அது விழுகிறவரைக்கும் மாட்டின் தலையைக் குட்டையாகப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். மாடு திரும்பி அதைத் தின்றுவிட்டால் பால் வற்றிப் போகும் என்பது பேச்சு. விழுந்ததும் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். அத்தை சொல்ல, நான்தான் கயிற்றை இழுத்து வளையத்தில் கட்டினேன். மூக்கு தொட்டியில் இடிக்கிற அளவுக்குக் குட்டை.

செவலை களைத்துப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழப் பார்த்தாள். தலை தொட்டியில் மோதியது, பின்னங்கால் சிமெண்டில் வழுக்கியது, பொத்தென்று விழுந்தாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அப்புறம் முயற்சியை விட்டுவிட்டாள். உனக்குப் போன் போட்டால் நீ சித்தேரி மலையில் தடுப்பூசி முகாமில் இருந்தாய். "சுண்ணாம்புச் சத்து குறைஞ்சிருக்கலாம், ஆள அனுப்பறேன். மாட்டை யாரும் தூக்காதீங்க. நான் வந்துடறேன்" என்றாய். அதோடு சிக்னல் போய்விட்டது.

நீ அனுப்பிய ஆள் வந்து பாட்டில் ஏற்றிவிட்டுப் போனார். செவலைக்குக் கண் தெளிவாக இருந்தது, காது சில்லிடாமல் வெதுவெதுப்பாக இருந்தது, நீட்டிய புல்லைத் தின்றாள். எழத்தான் இல்லை. பதினோரு மணி வாக்கில் கொழுந்தனார் எட்டு ஆளைக் கூட்டி வந்தார். அவர் ஊரிலேயே பெரிய ஆள், கபடியில் அவர் பிடித்தால் விடுவித்துக்கொள்ள ஆள் கிடையாது. நெஞ்சுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து, மூங்கில் வைத்து, விழுந்த மனுஷனைத் தோளில் பிடித்துத் தூக்குகிற மாதிரி முன்பக்கத்தைத் தூக்கினார்கள். செவலை கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. மூங்கில்தான் முறிந்தது.

"அண்ணி, இது இனிமே எழும்பாது" என்றார் கொழுந்தனார். "உசுரோட இருக்கும்போதே கறி வண்டிக்காரனுக்குச் சொல்லிடுங்க. செத்துப் போனா குழிதான் வெட்டணும்."

"டாக்டரம்மா வரட்டும்" என்றேன்.

"வந்து? அந்தம்மா வந்து தூக்கிருவாங்களா?"

அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. எட்டு ஆள் தூக்கி எழாத மாட்டை என் இடுப்பு உயரம் இருக்கிறவள் வந்து என்ன செய்வாள்? மத்தியானம் ஒரு மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் போய் நின்று, நான்தான் வண்டிக்காரனுக்குப் போன் செய்தேன். கொழுந்தனார் இல்லை, அத்தை இல்லை. சாயங்காலம் வருகிறேன் என்றான்.

நீ இரண்டு மணிக்கு வந்தாய். முகமெல்லாம் மலைப் பாதைப் புழுதி. வந்ததும் மருந்துப் பையைத் திறக்கவில்லை. "எத்தினி நேரமா இந்தப் பக்கமே படுத்திருக்குது?" என்று கேட்டாய். விடிகாலையில் இருந்து என்றதும் உன் முகம் மாறிவிட்டது. "முதல்ல பொரட்டுங்க, அந்தப் பக்கம்!" என்று நீ கத்திய சத்தத்தில் எட்டு ஆளும் குனிந்தார்கள். மாட்டைப் புரட்டிப் போட்டதும் அடியில் இருந்த காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாய். "ஆடு ஒரு நாள் பூரா ஒரே பக்கமா படுத்தாலும் ஒண்ணும் ஆவாது. இது நானூறு கிலோ. இதோட எடையே இதோட கால் சதைய நசுக்கிட்டு இருக்குதுங்க. ரத்தம் ஓடாது. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா சதை செத்துப் போயிருக்கும், அப்புறம் சாமியே வந்தாலும் எழுப்ப முடியாது."

அப்புறம் எழுந்து நின்று தொட்டியைப் பார்த்தாய், கயிற்றைப் பார்த்தாய், தரையைப் பார்த்தாய். உன் உதடு கோணுவது எனக்கு மட்டும் தெரிந்தது. சிரிப்பை அடக்குகிறாயா, கோபத்தை அடக்குகிறாயா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

"கயித்த அவுத்து, வெளிய மண் தரைக்கு இழுக்கணும்" என்றாய்.

"நஞ்சு வுழலயே! தின்னுடும்!" என்றார் அத்தை. "இத்தினி வருசமா மாடு வெச்சிருக்கறோம், எங்களுக்குத் தெரியாதா?"

"மருந்து ஏதாச்சும் போடுவீங்களா, கயித்த அவுக்கத்தான் சித்தேரியிலேர்ந்து வந்தீங்களா?" என்றார் கொழுந்தனார்.

நீ கோபப்படவில்லை. வீட்டுக்குள் இருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து வந்து போட்டாய். "உக்காருங்கண்ணா" என்றாய். அவரும் என்னவோ என்று உட்கார்ந்தார். "நல்லா சாஞ்சு உக்காருங்க. கை மடியில. இப்ப எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, அவர் நெற்றியில் உன் ஆள்காட்டி விரலை வைத்தாய்.

கொழுந்தனார் எழப் பார்த்தார். முடியவில்லை. முகம் சிவந்தது. தொடை நடுங்கியது. நாற்காலிதான் கிறீச்சென்றது. நூறு கிலோ ஆள், ஊர்க் கபடிக்காரர், சுண்டைக்காய் மாதிரி ஒருத்தியின் ஒற்றை விரலுக்கு அடியில் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தைதான் என்று பிறகு தெரிந்தது.

"உங்க கால்ல பலம் இல்லியா?" என்று கேட்டாய். "இருக்குது. ஆனா எந்திரிக்கணும்னா தலை முன்னால போவணும். எடை கால் மேல வரணும். அப்பத்தான் சதையால தூக்க முடியும். நான் விரல் வெச்சிருக்கறேன். மாட்டுக்கு முன்னால சுவரு இருக்குது, கயிறு இருக்குது. மாடு முன்பக்கத்தைத் தூக்கி எழும்பற சாதி இல்லீங்க. தலைய முன்னால வீசித்தான் பின்பக்கத்த ஏத்தும். நீங்க தூக்கவே வேணாம். தலைக்கு முன்னால ரெண்டு முழம் இடம் வுடுங்க, போதும்."

விரலை எடுத்தாய். கொழுந்தனார் எழுந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். யாரும் கயிற்றிடம் போகவில்லை. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். அவிழ்த்து, நாளைக்குப் பால் வற்றினால் ஆயுசுக்கும் அது என் தலையில்தான் விழும். நான் கட்டிய கொட்டகைதான் மாட்டைப் படுக்க வைத்தது என்பதையும் அவிழ்த்தால் ஒத்துக்கொண்ட மாதிரி. நான் உன்னைப் பார்த்தேன். நீ, "அவுத்துடு" என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. மாட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

போய் அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தேன்.

படுதாவை அடியில் விட்டு, புரட்டி ஏற்றி, பத்துப் பேர் பிடித்துச் செவலையை வெளியே இழுத்தோம். வேப்பமரத்தடியில், உழுது போட்ட செம்மண்ணில் கிடத்தினோம். அப்போதுதான் நீ என்னைக் கூப்பிட்டாய். "அம்மி, நீ வா. மத்தவங்க எல்லாம் தள்ளி நில்லுங்க." எட்டு ஆம்பிளைகளை ஒதுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "அது பின்பக்கத்த ஏத்தும்போது ஒரு பக்கமா சாயும். நீ இடுப்பைக் கொடுத்து நில்லு. தூக்காத. சாயாம மட்டும் பாத்துக்க. இதுக்கு எடை வேணும், இந்த ஊர்ல உன்ன மாதிரி ஊனி நிக்க ஆள் இல்ல."

முதல் தடவை தலையை வீசினாள், பாதியில் விழுந்தாள். இரண்டாம் தடவை பின்பக்கம் ஏறியது, கால் நடுங்கியது, மொத்த எடையும் என் மேல் சாய்ந்தது. என் குதிகால் மண்ணில் புதைந்தது. நான் நகரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் இருந்து நான் சுருக்கிச் சுருக்கி வைத்திருந்த உடம்பை அன்றைக்கு முழுசாக விரித்து நின்றேன். ஆனாலும் அவள் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். "வுடு, மூச்சு வாங்கட்டும்" என்றாய். கன்றைக் கொண்டு வந்து ஆறடி தூரத்தில் நிறுத்தினாய். கன்று கத்தியது. செவலை தலையை அப்படியே முன்னால் எறிந்தாள். பின்பக்கம் ஏறியது, முட்டியில் ஒரு நொடி நின்றாள், நான் இடுப்பைக் கொடுத்தேன், ஒரு கால், மறு கால். நின்றாள். நின்று, சாணி போட்டாள்.

கொழுந்தனார் விசிலடித்தார். அத்தை உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். ஊரே பார்க்க, 'இவள் என் கூட்டாளி' என்று கத்த வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி வந்தது. நீ கை கால் கழுவிக்கொண்டு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாய். "யாருங்க போன் பண்ணது?" என்று வண்டிக்காரன் கேட்டான். கொழுந்தனார் முழித்தார். நான் கன்றைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். "இங்க மாடு நின்னுக்கிட்டு இருக்குதுங்களே, வேற வூடா இருக்கும்" என்றாய். அவன், "இந்த வூடுதான், நம்பர் இருக்குதே" என்று போனைப் போட்டான். தொட்டி மேல் வைத்திருந்த என் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நீ அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாய். "ராங் நம்பர் போயிருக்குது போல. தண்ணி குடிச்சிட்டுப் போங்கண்ணா" என்றாய். அவனும் குடித்துவிட்டுப் போனான். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை.

நஞ்சுக்கொடி ராத்திரி விழுந்தது. காலையில் வந்து உள்ளே சோதித்துப் பார்த்துவிட்டு, "ஆலமரத்துல கட்டறதுன்னா கட்டுங்கம்மா, அதுல ஒரு கெடுதலும் இல்ல. அது திங்காம பாத்துக்கறதும் நல்லதுதான். கயித்த மட்டும் நீட்டி வுட்டு, பக்கத்துல ஒரு ஆள் உக்காருங்க" என்று அத்தையிடம் சொன்னாய். எவ்வளவு நீளம் என்று அவர் கேட்டதற்கு, "என் உயரம் போதும்" என்றாய். அதற்கப்புறம் சுற்று வட்டாரத்தில் கயிறு வாங்கப் போனால், "டாக்டரம்மா உசரத்துக்குக் குடு" என்று கேட்கிற வழக்கம் வந்தது. உன்னைக் குட்டை என்று சிரித்த ஊர் உன் உயரத்தை வைத்துத்தான் இன்றைக்கும் கயிறு அளக்கிறது. என் தொட்டியை நான் இடித்துப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினேன். சிமெண்டுத் தரையில் கோடு கோடாகக் கொத்திவிட்டேன். என்னைப் பார்த்து இருபது வீட்டில் இடித்தார்கள்.

எல்லா மாடும் எழவில்லை என்பதையும் எழுத வேண்டும். மேட்டுக் காட்டில் தனியாக இருந்த ஒரு அம்மாவின் ஒரே மாடு படுத்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் உனக்குச் சொன்னார்கள். அடியில் இருந்த காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நீ நேராக வெளியே வந்தாய். என்னோடு திரும்பி வருகிற வழியில் வண்டியை நிறுத்தி, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதாய். "மருந்தே வேணாம்டி, பொரட்டிப் போட்டிருந்தா போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து ஊர் ஊராகப் போய் நாற்காலியைப் போட்டுப் பெரிய ஆளாகப் பார்த்து உட்கார வைத்தாய். முன்வந்து உட்காருகிற முதல் ஆள் எப்போதும் என் கொழுந்தனார்தான். தோற்பதற்கு அவ்வளவு பெருமைப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை.

போன மாசம் பக்கத்து ஊரில் ஒரு மாடு படுத்துவிட்டது. புது டாக்டர் வர நேரமாகும் என்று என்னைக் கூட்டிப்போனார்கள். நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. புரட்டிப் போடச் சொன்னேன், கயிற்றை நீட்டச் சொன்னேன், சாயாமல் ஊன்றி நின்றேன். டாக்டர் வந்தபோது மாடு நின்றுகொண்டிருந்தது. "நீங்க எங்கம்மா படிச்சீங்க?" என்று அந்தத் தம்பி கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசியாக, பாக்கி விஷயம்.

உன் கடைசி நாட்களில் தருமபுரி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தாய். பதினைந்து நாளில் உன் கை கால் சதையெல்லாம் வற்றிப்போயிருந்தது. "பெரிய மிருகமா பொறந்திருந்தா இந்நேரம் என் எடையே என்னை நசுக்கியிருக்கும், நல்லவேளை" என்று அந்த நிலைமையிலும் கணக்குப் போட்டாய். உன்னை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது என் வேலை. ஒரு மத்தியானம், உன் முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போது, இனிமேல் தள்ளிப் போடக் கூடாது என்று வாயைத் திறந்தேன். "செவலை படுத்த அன்னிக்கி…" என்று ஆரம்பித்தேன். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். அவர் போனதும் நீயே பேசினாய். முகம் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தது.

"வண்டிக்கு போன் போட்டவ நீதான். தொட்டி மேல போன் அடிச்சப்பவே தெரியும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "அப்புறம் ஏண்டி ஒரு வார்த்தை கேக்கல? உன்ன நம்பாமதானே பண்ணேன்."

"ஒரு மணிக்கு நம்பல. மூணு மணிக்கு எல்லாரும் வேணாங்கும்போது பல்லால கடிச்சு முடிச்ச அவுத்த. நான் பாக்கலன்னு நெனச்சியா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "அன்னிக்கி அந்த ஊர்ல என்னை நம்புன மொத ஆளு நீதாண்டி அம்மி. ஒரு மணிக் கதைய எவ கேட்டா?"

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பவுடர் டப்பாவை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தேன். ஆகவே இப்போது சொல்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்க வேண்டியதை நீ கேட்கவிடாமல் செய்துவிட்டாய். பரவாயில்லை, போ. உன்னை நம்பிய முதல் ஆள் நான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஊரில் யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.